பசியாறும் ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை மகள் அப்பாவோடு இருக்கலாம், மற்ற நேரமெல்லாம் அம்மாவோடு என்று எழுதியிருந்தது. தஞ்சாவூர்க் கோர்ட்டில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது அறிவுச்செல்வனுக்கு நாற்பது வயது, சுடர்விழிக்குப் பதினொன்று. "நாலு மணி நேரம் போதுமா சார்?" என்று வக்கீல் ஒரு தடவை கேட்டார். வலங்கைமானில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் ஒரு கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன. அங்கே பிள்ளையைக் கூட்டிப் போய் எங்கே உட்காரவைப்பது என்று யோசித்துவிட்டு, "போதும்" என்றான்.

போதாது என்பது முதல் வாரமே தெரிந்தது. அதைவிட மோசமானது, அந்த நாலு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியாததுதான். காலை ஏழு மணிக்கு ஊரில் என்ன திறந்திருக்கும்? பெரிய கோயில் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். சிவகங்கைப் பூங்காவில் நடந்தார்கள். "ஸ்கூல் எப்படிப் போவுது?" என்பான். "போவுது" என்பாள். பத்து மணிக்கு மேல் அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினால் அவன் வண்டிச் சாவியைக் கையில் எடுப்பான். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் அம்மா செம்மொழியின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிடுவான். செம்மொழி கதவைத் திறந்து, "சாப்டியா?" என்று பிள்ளையைக் கேட்பாள். இவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பாள்.

சண்டை சச்சரவு என்று பெரிதாக எதுவும் நடந்து பிரிந்தவர்கள் இல்லை. அவன் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். காலையில் பைக்கை எடுத்தால் விதை, உரம், பூச்சி என்று ஊர் ஊராகப் போய்விட்டு இருட்டித் திரும்புவான். அவள் நர்ஸ், பாதி மாதம் நைட் டூட்டி. ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு இருப்பவர்கள்போல் ஆகிப்போனார்கள். அதிலும் அவன் பேச மாட்டான். வைத்ததைச் சாப்பிடுவான், எழுந்து போவான். "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு. தனியா இருந்தா சமைக்கிற வேலையாவது மிச்சம்" என்று ஒரு நாள் செம்மொழி சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

நாலாவது மாதம், ஐப்பசி மழை. பாபநாசம் வரை போய்த் திரும்பலாம் என்று சுடரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அய்யம்பேட்டை தாண்டும்போது பிடித்த மழை, பாபநாசத்துக்குள் நுழையும்போது கண்ணைத் திறக்க விடவில்லை. கடைத்தெரு ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு டிபன் கடை தெரிந்தது. ஒதுங்கத்தான் போனார்கள். உள்ளே நாலு மேசை. அடுப்பங்கரையிலிருந்து வந்த வாசனையில் சுடர் தலையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என்ன, குருமாவா?"

"கடப்பாம்மா" என்றாள் கடைக்காரி. தங்கமணி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. "பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வெப்பேன். உக்காரு, இட்லிக்கு ஊத்தித் தர்றேன்."

இலையில் இரண்டு இட்லி விழுந்தது. கடப்பா அதன்மேல் தளதளவென்று பரவி, ஓரத்தில் வெங்காயமும் கொத்தமல்லியும் மிதந்தன. சுடர் முதல் இட்லியை ஊதி ஊதித் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். இன்னும் இரண்டு கேட்டாள். மூன்றாவது இட்லியைப் பிய்க்கும்போது, இலையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"ஹஃப்ஸா இப்ப என் பக்கத்துல உக்கார்றதில்லப்பா."

அவன் சட்டினிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மிஸ்கிட்டச் சொல்லி வேற பெஞ்ச் மாத்திக்கிட்டா. நான் அவ நோட்டைக் கிழிச்சிட்டேன்னு நெனக்கிறா. நான் கிழிக்கல. பையில வெக்கும்போது தானா கிழிஞ்சிது."

"அதை அவகிட்டச் சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் கடப்பாவை விரலால் வழித்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹஃப்ஸாவைப் பற்றி, கணக்கு மிஸ் பற்றி, மாடி வீட்டு நாய் பற்றி, அம்மா தூங்கும்போது தான் சத்தமில்லாமல் வீட்டுப்பாடம் செய்வது பற்றி எல்லாம் சொன்னாள். மணி பத்தரை ஆனதை அவள் பார்க்கவில்லை. அவன் பார்த்தான், சொல்லவில்லை.

அன்றைக்கு அவனுக்கு ஒன்று விளங்கியது. கை இலையில் இருந்தால் பிள்ளை பேசுகிறாள். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, கண்ணில் நீர் வந்தாலும் சட்டினி காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஆறு நாளும் அவன் மனதில் ஞாயிறுதான். நாற்றங்கால் பார்க்கப் போகிற ஊரில், "இங்க காலையில டிபன் எங்கங்க நல்லாருக்கும்?" என்று விசாரிப்பான். பஸ் கண்டக்டர்களிடம் கேட்பான், நெல் மூட்டை ஏற்றுகிற லாரி டிரைவர்களிடம் கேட்பான். அவர்கள் சொன்ன கடைக்கு ஒரு புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பான். மேசை சுத்தமா, கூட்டம் அதிகமா, பெண்பிள்ளை கை கழுவப் போகும் இடம் ஒழுங்கா, நிதானமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்வார்களா, எல்லாம் பார்ப்பான். பார்த்துப் பார்த்து அவனுக்கு ருசி பிரித்தறிகிற நாக்கும் வந்தது. திருவையாற்றில் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடையில் ரவா தோசை முறுகல், ஆனால் எட்டரைக்கு மேல் மாவு புளித்துவிடும். நீடாமங்கலத்தில் வெண்பொங்கலுக்குக் கத்தரிக்காய்க் கொத்சு வைக்கிறார்கள், மிளகை உடைத்துப் போடுகிறார்கள், முழுசாகப் போடுவதில்லை. கும்பகோணத்தில் காபிக்காக ஒரு கடை, அடைக்காக வேறொரு கடை. அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் பூரி போடுகிறார்கள், கிழங்கில் இஞ்சி தூக்கல், ஆனாலும் பிள்ளைக்குப் பிடிக்கும். குறுவை நடவில் தொடங்கி, சம்பாக் கதிர் பால் பிடித்து, தாளடி அறுத்து, வயல் காய்ந்து வெடித்து, மறுபடி வாய்க்காலில் தண்ணீர் வருகிறவரை, ஞாயிறுதோறும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து சுடர் அவனுடைய காதில் பேசிக்கொண்டு வந்தாள். காற்றில் பாதி கேட்காது. கேட்காததற்கும் சேர்த்துத் தலையாட்டுவான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது நாகூர் போக வேண்டும் என்றாள். அங்கே காலையில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலோடு தருவார்களாம், ஹஃப்ஸா சொன்னாளாம். (அவர்கள் இருவரும் சமாதானமாகியிருந்தார்கள்.) நாகூர் போய்த் திரும்ப நாலு மணி நேரம் காணாது. அவன் செம்மொழிக்கு போன் போட்டான். பிரிந்த பிறகு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'நீங்க' என்று மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை சுடரை நாகூர் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். வர மத்தியானம் மூணு மணி ஆயிடும். பரவாயில்லைங்களா?"

"தர்காவுக்கா?"

"இல்ல. டிபன் சாப்பிட."

"டிபன் சாப்பிட நாகூருக்கா? நீங்களா?" என்றாள். பிறகு, "சரி, தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க, வெயிலு" என்று வைத்துவிட்டாள்.

விடியற்காலை ரயிலில் போனார்கள். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டு முன்கட்டில் இரண்டு மேசை போட்டு கமருன்னிஸா என்கிற அம்மாள் நடத்துகிற இடம். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவர், சுடரைப் பார்த்து, "பசியாற வந்தீங்களாம்மா?" என்றார்.

"பசியாறன்னா?"

"காலையில சாப்புடறதுதாம்மா. ராத்திரியெல்லாம் காஞ்சு கெடந்த வயிறு ஆறணும்ல. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பசியாறியாச்சான்னு கேப்போம்."

சுடருக்கு இடியாப்பத்தைவிட அந்த வார்த்தை பிடித்துப்போனது. திரும்பி வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் போனில் அவள் கேட்பது, "நாளைக்கு எங்கப்பா பசியாறுறோம்?" என்பதாகிவிட்டது. வாரம் முழுக்க அவன் காத்திருக்கிற கேள்வி அது.

திரும்புகிற ரயிலில் இன்னொன்றும் நடந்தது. திருவாரூர் தாண்டியதும் சுடர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏம்ப்பா, நீங்க வீட்டுல இருந்தப்ப இப்படிப் பேசவே மாட்டீங்களே?"

அவன், "அப்படியா?" என்றான்.

"ஆமா. நீங்க என்ன பேசுவீங்கன்னே எனக்குத் தெரியாது."

குளிக்கரை வந்தது, கொரடாச்சேரி வந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

பிள்ளைகள் வளர்வது பயிர் வளர்வதுபோலத்தான். தினமும் பார்க்கிறவனுக்குத் தெரியாது, வாரம் ஒரு தடவை பார்க்கிறவனுக்குத் திடுக்கென்று தெரியும். பதின்மூன்றில் வண்டியில் அவன் தோளைப் பிடிப்பதை விட்டுவிட்டு பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கில் சாப்பிடும்போது போன் பக்கத்தில் இருந்தது. பதினைந்தில், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம், "அப்பா, இந்த வாரம் ஏழு மணிக்கு வேணாம். பத்தரைக்கு வாங்க. ஒரு மணி வரைக்கும் இருக்கலாம், அம்மாகிட்டக் கேட்டுட்டேன். பிரஞ்ச் போவோம்" என்றாள்.

"அப்படின்னா?"

"காலைச் சாப்பாடும் இல்ல, மத்தியானச் சாப்பாடும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. மெடிக்கல் காலேஜ் ரோட்ல புதுசா ஒரு கஃபே வந்திருக்கு."

வழக்கப்படி வியாழக்கிழமையே அவன் அங்கே போய்ப் பார்த்துவிட்டான். கண்ணாடிக் கதவு, குளிர். கல்லூரிப் பிள்ளைகள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார்கள். காலில் வயல் சேறு காய்ந்த செருப்போடு ஓரமாக உட்கார்ந்தான். மெனுவில் பாதி புரியவில்லை. எழுதிக்கொள்ள வந்த பெண்ணிடம், "ஞாயித்துக்கிழமை மகளோட வரலாம்னு இருக்கேன். பதினஞ்சு வயசு. அந்த வயசுப் புள்ளைங்க இதுல எதை விரும்பிச் சாப்பிடுவாங்கம்மா?" என்று கேட்டான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. யோசித்து, "பான்கேக் சார். மேல தேன் ஊத்தித் தருவோம். நீங்க ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க" என்றாள்.

சாப்பிட்டான். இனிப்புத் தோசைதான், கொஞ்சம் தடிமன். முள்கரண்டிக்கும் கத்திக்கும் நடுவில் அது நழுவியது. எப்படி வெட்டுவது என்று பழகிக்கொள்ள இன்னொன்று வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை அது நழுவாமல் வெட்டினான். சுடர் அதைக் கவனித்து, "முன்னாடியே வந்து பார்த்துட்டீங்களா?" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கரண்டியால் தேனைத் தட்டில் கோடு இழுத்துக்கொண்டே, "அப்பா, நான் நாமக்கல் போறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"லெவன்த் அங்க. ஹாஸ்டல்ல. நீட்டுக்கும் சேர்த்துச் சொல்லித் தர்றாங்க. அம்மா ஃபார்ம் வாங்கிட்டா. ஜூன் ரெண்டாவது வாரம் சேரணும்."

"உனக்குப் புடிச்சிருக்கா?"

"டாக்டராவணும்னா அங்க போயாவணும்ப்பா."

"கேட்டது அது இல்லையே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "புடிச்சிருக்கு" என்றாள். "பயமாவும் இருக்கு. ஆனா புடிச்சிருக்கு. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு வந்து பார்க்கலாம்னு போட்டிருக்கு."

அவன் பான்கேக்கைச் சின்னச் சின்னதாக வெட்டினான். வெட்டியதை எல்லாம் தட்டின் ஒரு பக்கம் ஒதுக்கினான். தான் படித்தபோது விடுதிக்குப் போக அழுததும், தன் அப்பா ரெத்தினம் அடுத்தவர் வயலில் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு மன்னார்குடி வரை நடத்தியே கூட்டிப்போய் விட்டு வந்ததும் ஞாபகம் வந்தது. போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. "நல்லாப் படி" என்றான்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி அம்மாவும் நம்மகூட வரணும்ப்பா" என்றாள் சுடர். "நான் சொல்லிச் சொல்லி எல்லாக் கடையும் அம்மாவுக்கு மனப்பாடம். ஆனா ஒண்ணையும் பார்த்ததில்ல. தங்கமணி அத்தை கடைக்குப் போவோம். வர்றேன்னு சொல்லிட்டா."

ஜூன் முதல் ஞாயிறு. வண்டியில் மூன்று பேர் போக முடியாது என்பதால் அம்மாவும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். அவன் பாபநாசத்தில் ஆறே முக்காலுக்கே வந்து நின்றுவிட்டான். குடமுருட்டியில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மணல்தான் கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய செம்மொழியைப் பார்த்ததும் இரவு வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. முகம் கழுவி, பொட்டு மட்டும் புதிதாக வைத்திருந்தாள். காதோரம் நரை வந்திருந்தது. வாசலில் நின்று பார்க்கிற அரை நிமிடத்தில் அது அவன் கண்ணில் பட்டதேயில்லை.

தங்கமணி மூன்று பேரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஓரத்து மேசையை இன்னொரு தடவை துடைத்து, ஃபேனைப் போட்டாள். "அம்மாவுக்கும் கடப்பா ஊத்தலாமா?" என்று சுடரிடம் கேட்டாள்.

"ஊத்துங்கத்தை. நாலு நாலு இட்லி."

சுடர்தான் பேசினாள். நாமக்கல் சீருடை, பெட்டி, வாளி, பூட்டு என்று பட்டியல் போட்டாள். அவன் ஒரு வாய் எடுத்துவைத்தான். மென்றான். அடுப்புப் பக்கம் திரும்பி, வழக்கமாகச் சொல்கிற குரலில், "இன்னைக்கு சோம்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்க" என்றான்.

"மருமவ அரைச்சா. நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் தங்கமணி.

செம்மொழியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"சோம்பு கூடினது தெரியுதா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியுது."

"பதிமூணு வருஷம் சமைச்சுப் போட்டிருக்கேன்" என்றாள். குரல் தணிந்தே இருந்தது. "ஒரு நாள் வேணும்னே உப்பே போடாம ரசம் வெச்சேன். ஏதாவது சொல்றீங்களான்னு பார்க்க. ஊத்திச் சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க. அன்னைக்கு நான் அழுதது உங்களுக்குத் தெரியாது."

சுடர் இருவரையும் பார்த்தாள். "கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள். அவள் இலையில் இன்னும் ஒன்றரை இட்லி இருந்தது.

"உப்பு இல்லாதது தெரிஞ்சுது" என்றான் அவன்.

"தெரிஞ்சுமா?"

அவன் இலையைப் பார்த்தபடியே சொன்னான். "எங்க வீட்டுல தட்டுல விழுந்ததைப் பத்தி வாயைத் தொறக்கக் கூடாது. அம்மா நாள் பூரா குனிஞ்சு நாத்து நட்டுட்டு வந்து, ஈர வெறக ஊதி ஊதி ஆக்கும். அதுல உப்பில்ல, புளியில்லன்னு சொன்னா அது மனுசத்தனமே இல்லம்பாரு அப்பா. அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. போட்டதை மிச்சம் வெக்காம சாப்பிடணும், அதான் மரியாதை. நீயும் டூட்டிக்குப் போயிட்டு வந்து சமைச்சே. குத்தம் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

'நீ' என்று வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"குத்தம் சொல்ல வேணாம்" என்றாள். "நல்லாருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? சொவத்துக்கு முன்னாடி சோறு வெக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு."

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். மீன் வாங்குனா வாலுத்துண்டை எனக்குன்னு எடுத்து வெப்பே. இப்ப எந்தக் கடைக்குப் போனாலும் அதோடதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்."

செம்மொழி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று போனது. "இப்பச் சொல்லி என்ன செய்யறது" என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை, அவனுக்கும் அது தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் இடம் இருந்திருக்கும்.

"சாப்பிடு, ஆறுது" என்றான்.

அவள் சாப்பிட்டாள். நாலு இட்லியையும் சாப்பிட்டாள். சுடர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, "கடப்பா நல்லாருக்குடி. நீ சொன்னதைவிட நல்லாருக்கு" என்றாள். சுடர் அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்து வந்தது அந்த முகங்களில் இல்லை போலும். மிச்ச இட்லியைப் பேசாமல் தின்றாள்.

அடுத்த ஞாயிறு அவளைச் செம்மொழி நாமக்கலில் கொண்டுபோய் விட்டுவந்தாள். பெற்றோரில் ஒருவர் போதும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிறும் காலை ஐந்து மணிக்கு அவனுக்கு விழிப்பு வந்தது. போக இடமில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது, ஊரே நாற்றுப் பறிப்பில் இருந்தது. அவன் அறையில் உட்கார்ந்து விதை இருப்பு ஆய்வறிக்கை எழுதினான். ஏழு மணிக்குப் பசித்தது, எட்டு மணிக்கு அந்தப் பசி போய்விட்டது. கடைசி ஞாயிறு பொறுக்க முடியாமல் நீடாமங்கலம் போய்ப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான். பாதி சாப்பிடும்போது எதிரில் காலியாக இருந்த நாற்காலியை ஒரு குடும்பம் கேட்டு எடுத்துக்கொண்டது. வேளாங்கண்ணி போகிற வெளியூர்க்காரர்கள். "இங்க என்ன சார் நல்லாருக்கும்?" என்று கேட்டார்கள். கொத்சு கேட்டு வாங்கச் சொன்னான், காபிக்கு எதிர்க்கடை என்றான், வழியில் இன்னும் எங்கெங்கே நிறுத்தலாம் என்றும் சொன்னான். சொல்லச் சொல்ல அந்த வீட்டுப் பெண் போனில் குறித்துக்கொண்டாள். "ஓட்டல் எதுவும் வெச்சிருக்கீங்களா?" என்று அவள் கணவர் கேட்டார். "இல்லங்க" என்றான்.

ஜூலை இரண்டாவது ஞாயிறு நாமக்கல். திருச்சியில் பஸ் மாறும்போது செம்மொழியும் அதே பஸ்ஸில் ஏறினாள். முன்னால் பெண்கள் இருக்கையில் அவள், பின்னால் அவன். பள்ளி வாசலில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். சுடர் இளைத்திருந்தாள், ஆனால் கண்ணில் தெம்பு இருந்தது. அறையில் உடனிருக்கும் பெண்கள், வாராந்திரத் தேர்வு, ரேங்க் என்று நிற்காமல் பேசினாள். இலையும் இட்லியும் இல்லாமலே பேசினாள். அதில் அவனுக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது.

"சாப்பாடெல்லாம்?" என்றான்.

"பரவாயில்லப்பா. வயிறு ரொம்புது" என்றாள். பிறகு அவன் காதருகே குனிந்து, "பசியாறல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மணி அடித்தது. இரண்டு பேர் கையையும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

திரும்பும்போது திருச்சியிலிருந்து கும்பகோணம் பஸ். இருவர் இருக்கையில் ஜன்னலோரம் செம்மொழி உட்கார்ந்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். துவாக்குடி வரை மகளைப் பற்றிப் பேசினார்கள். செங்கிப்பட்டி தாண்டியதும், இதுவரை அவன் வாழ்நாளில் கேட்டிராத மாதிரி ஒன்றை அவன் கேட்டான்.

"அடுத்த ஞாயிறு உனக்கு டூட்டி இல்லைன்னா, எங்கயாவது சாப்பிடப் போலாமா? திருவையாத்துல ஒரு கடை இருக்கு. சீக்கிரம் போகணும்."

செம்மொழி வல்லம் வரைக்கும் யோசித்தாள்.

"வேணாங்க" என்றாள். "நீங்க கூப்புட்டது நல்லாருக்கு. நெசமாவே நல்லாருக்கு. ஆனா எனக்கு இப்ப தனியா இருந்து பழகிப்போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நான் தூங்கறேன். யாருக்கும் எந்திரிக்க வேணாம்னு தூங்கறது எவ்வளவு சொகம்னு இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுது. அதை விட மனசு வரல."

"சரி" என்றான்.

"கோவமா?"

"இல்ல."

"ரெண்டாவது ஞாயிறு சேர்ந்து போவோம். புள்ளைக்கு நல்லாருக்கும். ஆறு மணி பஸ், நீங்க முன்னாடி வந்தா எனக்கும் எடம் போட்டு வைங்க."

"வெக்கிறேன்."

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கினாள். இறங்கும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை நொடி நின்றாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று அவன் நிமிர்ந்தான். பின்னால் இறங்குகிறவர்கள் நெருக்கினார்கள், போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். டவுன் பஸ் நிற்கிற பக்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். அந்த நடை அவனுக்குத் தெரிந்த நடைதான், டூட்டிக்கு நேரமாகிவிட்ட நடை.

பஸ்ஸில் கூட்டம் ஏறியது. அவன் ஜன்னலோரம் நகராமல், அவள் இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தன் இடத்திலேயே இருந்தான். தலையில் துண்டு கட்டிய ஒரு விவசாயி, கையில் வெற்றிலைக் கட்டோடு வந்து நின்றார்.

"ஆளு வருதாங்க?"

அவன் ஜன்னலோரத்து இடத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு காலை ஒதுக்கி வழிவிட்டான்.

"இல்லங்க. உக்காருங்க."